எட்டாம் நாள் அக்கா

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு தையல் பட்டறைகள் இருக்கும் தெருவில் விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. எட்டாம் நாள் அக்கா என்று கேட்டால் போதும், வாசலில் தூங்கி வழியும் காவலாளிகூட எழுந்து வழி காட்டுவார். ஒருவருக்குக் கண்ணாடி கொடுத்துவிட்டு வந்தால் சரியாக எட்டாம் நாள் அவர் முன்னால் போய் நிற்பாள். மழை, காய்ச்சல், பஸ் வரவில்லை என்ற கதையெல்லாம் அவளிடம் கிடையாது.

அதற்கு முன் பத்தொன்பது வருடம் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கண்ணைப் பரிசோதிக்கிறவர் வேறு ஆள். இவள் செய்தது ஃபிரேமை முகத்துக்கு ஏற்ப வளைப்பது, திருகு முடுக்குவது, மூக்கில் உட்காரும் இரண்டு சின்னப் பட்டைகளை நெருக்கியோ விலக்கியோ விடுவது. கேட்டால் சில்லறை வேலை மாதிரித்தான் தோன்றும். ஆனால் உலகத்தில் யாருக்கும் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லை என்பது அவளுக்கு அங்கேதான் தெரிந்தது. கடையில் சிரித்த முகமாகக் கண்ணாடி வாங்கிப் போனவர், பதினைந்து நாள் கழித்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார். "எனக்கு ஒத்துக்கலைங்க." அப்படித் திரும்பி வந்து சண்டை போடுகிறவர் புண்ணியவான். பாதிப் பேர் வராமலே அலமாரியில் போட்டு மறந்துவிடுவார்கள்.

எப்போது மறக்கிறார்கள் என்று அவள் ஒவ்வொருவரிடமும் நோண்டி நோண்டிக் கேட்டு ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். மூன்றாம் நாள் மூக்கின் பக்கவாட்டில் சிவந்து வலிக்கும். ஐந்தாம் நாள் கிட்டப் பார்க்கக் கொடுத்த கண்ணாடியைப் போட்டபடியே எழுந்து நடப்பார்கள், தலை சுற்றும். ஆறாம் நாள் பக்கத்து மெஷின்காரி, "என்னடி, அதுக்குள்ள கிழவி ஆயிட்டியா?" என்பாள். ஏழாம் நாள் கண்ணாடி பைக்குள் போய்விடும். எட்டாம் நாள் போய் நின்றால் பையிலிருந்து எடுக்க வைத்துவிடலாம். பதினைந்தாம் நாள் போனால் நடக்காது. அதற்குள் நாலு பேரிடம் "ஒத்துக்கல" என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பார்கள். மனிதர்கள் கண்ணை இழந்தாலும் இழப்பார்கள், சொன்ன சொல்லிலிருந்து இறங்கி வரமாட்டார்கள்.

கடைக்கு வந்துபோகும் கண் டாக்டர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் கனவு காண்கிறவர். நாற்பது வயதைத் தாண்டினால் கிட்டப் பார்வை மங்கும். தையல் மெஷினில் உட்காருகிறவர்களுக்கு அது நோய் என்றே தெரியாது. வயதாகிவிட்டது, இனி முடியாது என்று அவர்களே நினைத்துக்கொள்வார்கள். முதலாளியும் அப்படியே நினைத்துக் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார். ஒரு கண்ணாடி கொடுத்தால் இன்னும் பதினைந்து வருடம் வேலை செய்வார்களே என்று டாக்டர் ஒரு சோதனைத் திட்டம் எழுதி, எங்கெங்கோ அலைந்து அனுமதி வாங்கி, முந்நூறு பேருக்குக் கொடுக்கப் புறப்பட்டார். வீடு வீடாகவும் பட்டறை பட்டறையாகவும் போக ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் அவள் கடையை விட்டு வந்தாள்.

எட்டாம் நாள் அவள் உள்ளே நுழைந்ததும் கேட்பது ஒரு டம்ளர் வெந்நீர். குடிக்க என்று நினைத்து ஆற்றிக் கொடுப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பாள். கண்ணாடியின் காதுப்பக்க முனையை அதில் முக்கி, இளகியதும் பெருவிரலால் ஒரு சின்ன வளைவு கொடுப்பாள். ஒருவர் செய்கிற வேலையை அவர் கையிலேயே கொடுத்து, அது கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்ப்பாள். பவர் கூடியிருந்தால் பையிலிருந்து வேறு எடுத்து மாற்றுவாள். நடக்கும்போது கழற்றச் சொல்வாள். கிண்டல் செய்த பக்கத்து மெஷின்காரியைக் கூப்பிட்டு, "எங்க, நீ இந்த ஊசில நூல் கோரு பாப்போம்" என்பாள். அவள் நாலு தரம் தடுமாறியதும் கிண்டல் அத்தோடு அடங்கிவிடும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் படிவத்தை எடுப்பாள். டாக்டர் கொடுத்த ஒற்றைத் தாள். பெயர், வயது, கண்ணாடி போட்டிருக்கிறாரா, குறை ஏதும் உண்டா. "இப்ப ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்பாள். "ஒண்ணும் இல்லக்கா, சொகமா இருக்கு" என்று பதில் வரும். முத்து முத்தான கையெழுத்தில் "இல்லை" என்று எழுதுவாள். கடையில் பழகிய பழக்கம் அது. வாடிக்கையாளர் குறையோடு படியிறங்கினால் அது அவளுக்கு அவமானம். அந்த வார்த்தையை எழுதும்போது அவளுக்கு ஒரு நிறைவு இருந்தது.

ஒரு வருடம் கழித்து எண்ணிப் பார்த்தார்கள். முந்நூறு பேரில் இருநூற்று எழுபது பேர் கண்ணாடி போட்டபடி மெஷினில் உட்கார்ந்திருந்தார்கள். இந்த மாதிரித் திட்டங்களில் பாதி தேறினாலே பெரிய விஷயமாம். டாக்டர் தலைகால் புரியாமல் ஆடினார். அறிக்கை போட்டார், படம் போட்டார், மேடை ஏறினார். ஒரு நாள் செய்தி வந்தது. அரசே இந்தத் திட்டத்தை எடுத்துக்கொள்கிறது, நாடு முழுக்கப் பத்து லட்சம் பேருக்குக் கண்ணாடி!

அன்றைக்கே அவள் தங்கைக்குப் போன் செய்தாள். நாலு மணி நேர பஸ் தூரத்தில் இன்னொரு ஊரில் இருந்தாள் தங்கை. சட்டைக் காலர் தைப்பாள். காலர் தைக்கிறவளுக்குப் பட்டறையில் ஒரு மரியாதை உண்டு, எல்லோராலும் அந்த முனையைத் திருப்ப முடியாது. நாற்பத்தாறு வயது, புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம், இரண்டு பெண்கள் படிக்கிறார்கள், வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது மட்டும். கொஞ்ச நாளாகவே முனை கோணுகிறது என்று மேற்பார்வையாளர் முணுமுணுப்பதாகச் சொல்லியிருந்தாள்.

"நம்ம திட்டம்டி, உங்க ஊருக்கும் வருது. நீ காசு செலவு பண்ணி எங்கயும் போகாத. கண்ண மூடிக்கிட்டுப் போய் வாங்கிக்கோ."

"நீ சொன்னா சரிதான்க்கா" என்றாள் தங்கை. அக்கா சொன்னால் கிணற்றில்கூடக் குதிக்கிறவள் அவள்.

புதிய ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். நீளமான மேசை, ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில், சுவரில் பெரிய திரை. திட்ட இயக்குநர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் நன்றாகத் திட்டியாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம். மரியாதையாகப் பேசுகிறவர், எல்லாவற்றையும் படித்துவிட்டு வருகிறவர், அவளுக்குத் தன் கையால் நாற்காலி இழுத்துப் போட்டவர். பக்கத்தில் டாக்டர் புதுச் சட்டையில் இருந்தார். அவளிடம் பயிற்சிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்கள். வழவழவென்று அழகாக அச்சிட்டிருந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாள். மறுபடியும் புரட்டினாள்.

"சார், எட்டாம் நாள் எங்க?"

"எந்த எட்டாம் நாள்?" என்றார் இயக்குநர்.

"கண்ணாடி குடுத்து எட்டாம் நாள் போய்ப் பாக்கணும்ல. இதுல அதக் காணோமே."

"ஓ, அதுவா. அது ஆய்வுக்காகப் பண்ணினதும்மா. ஆய்வுதான் முடிஞ்சிடுச்சே."

"ஆய்வுக்கு இல்ல சார். அதுதான் சார் வேலையே."

இயக்குநர் பொறுமையாகச் சிரித்தார். "நாங்க கண்ணை மூடிக்கிட்டு எடுத்துடலம்மா. நீங்க எழுதின முந்நூறு ஃபாரத்தையும் ஒண்ணு விடாம பாத்துட்டுத்தான் எடுத்தோம்." திரையில் ஒரு பக்கம் வந்தது. அவளுடைய கையெழுத்து. குறை ஏதும் உண்டா? இல்லை. அடுத்த பக்கம். இல்லை. அடுத்தது. இல்லை. "முந்நூறு பேர்ல இருநூத்தி எண்பத்தி நாலு பேருக்குக் குறையே இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. குறையே இல்லாதவங்களைப் போய்ப் பாத்துட்டு வர ஊர் ஊரா ஆள் போடணும்னு நான் கேட்டா, மேல இருக்கறவங்க என்னைப் பாத்துச் சிரிக்க மாட்டாங்களா?"

அவள் திரையை நோக்கிக் கை நீட்டினாள். "நான் சரி பண்ணிட்டுத்தான் சார் எழுதினேன்."

"சரி பண்ணினதா எங்கயுமே எழுதலையே."

"அதுக்கு அந்தத் தாள்ல இடமே இல்லையே சார்!"

டாக்டர் தொண்டையைச் செருமினார். "அவங்க சொல்றது உண்மைதான். சின்னச் சின்னதா சில விஷயம் பண்ணிக் குடுப்பாங்க" என்றார். சின்னச் சின்னதாக! அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சின்னச் சின்னது இல்லாவிட்டால் இந்த மனிதருக்கு மேடை ஏது, புதுச் சட்டை ஏது? ஆனால் சபையில் கத்திப் பழக்கமில்லாதவள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் டாக்டர் அவள் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "இப்ப அடம் பிடிச்சா மொத்தத் திட்டமும் நின்னுடும். முதல்ல எல்லா ஊருக்கும் போகட்டும். எட்டாம் நாளை அப்புறமா சேத்துக்கலாம்." அப்புறம் என்ற அந்த நாள் எந்தக் காலண்டரில் இருக்கிறது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அவள் சொன்னதையெல்லாம் சாப்பிட்டபடி கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"நாங்க ஒரு லிஃப்ட்டுக்குப் போனா முதல் வேலை ரிப்போர்ட். கதவு இடிக்குது, பட்டன் எரியல, எல்லாத்தையும் எழுதி, கையெழுத்து வாங்கிட்டுத்தான் பெட்டியவே தொறப்போம். நீ என்ன பண்ணியிருக்க? ரிப்பேர முடிச்சிட்டு, ரிப்பேரே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்க. அப்ப நீ எதுக்கும்மா போனேன்னு அவன் கேக்கத்தானே செய்வான்?"

"வாய மூடிட்டுச் சாப்பிடுங்க" என்றாள். அவர் சொன்னது அத்தனையும் சரி என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. முந்நூறு பேருக்காக நடையாய் நடந்து, தன் வேலைக்குத் தானே குழி தோண்டியிருக்கிறாள். அதுவும் அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்தில்.

அப்படியும் பயிற்சி கொடுக்கப் போனாள். போகாமல் இருந்தால் அதையும் வேறு யாராவது கெடுப்பார்கள் என்று நினைத்தாள். ஒரு மண்டபத்தில் இருநூறு பேர், ஒரே நாள். காலையில் அவள் பேச வேண்டிய இரண்டு மணி நேரத்தில் ஒன்றேகால் மணி வரவேற்புரைக்குப் போனது. எட்டாம் நாளைப் பற்றி அவள் வாய் கிழியச் சொன்னாள். பின்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கி, "நான் ஒருத்தி, எனக்கு நாலாயிரம் பேரு. எட்டாம் நாள் எந்த நாலாயிரம் வாசல்ல நிப்பேன், நீங்களே சொல்லுங்க" என்றாள். மண்டபமே சிரித்தது.

முகாம்கள் தொடங்கின. பள்ளிக்கூடக் கூடத்தில் வரிசை. வயது என்ன என்று கேட்பார்கள். நாற்பதுக்கு ஒரு பெட்டி, நாற்பத்தைந்துக்கு ஒரு பெட்டி, ஐம்பதுக்கு ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து எடுத்து மாட்டி, ஒரு அட்டையைக் காட்டி, எழுத்து தெரிகிறதா என்று கேட்டு, போட்டோ எடுத்து, அடுத்த ஆள். கண்ணாடி முகத்தில் குறுக்கே சாய்ந்திருக்கிறதா, மூக்கின் நுனியில் தொங்குகிறதா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. போட்டோவில் கண்ணாடி தெரிந்தால் ஒரு பயனாளி. இத்தனை லட்சம், அத்தனை லட்சம் என்று வாராவாரம் எண்ணிக்கை ஏறியது. பஸ் நிலையத்துச் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு பெண் பல் தெரியச் சிரித்தாள்.

தங்கையும் வரிசையில் நின்று வாங்கினாள். அக்கா எட்டாம் நாள் மறக்காமல் போன் செய்தாள்.

"எப்படிடி இருக்கு? மூக்கு வலிக்குதா? தலை சுத்துதா?"

"நல்லா இருக்குக்கா. ரொம்ப நல்லா இருக்கு."

போனில் காது தெரியாது, மூக்கு தெரியாது. அவளும் நம்பிவிட்டாள். உடனே ஒரு பஸ் ஏறிப் போயிருக்க வேண்டாமா என்று பின்னால் எத்தனையோ தரம் தன்னையே கேட்டுக்கொண்டாள். அந்த வாரம் பக்கத்து மாவட்டத்தில் பயிற்சி. ஊர் உலகத்துக்கெல்லாம் எட்டாம் நாள் போனவள் கூடப் பிறந்தவளுக்குப் போகவில்லை.

மூன்று மாதம் கழித்துத் தங்கையின் மூத்த பெண் போன் செய்தாள். "பெரியம்மா, அம்மா வேலைக்குப் போறதில்ல. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

அடுத்த பஸ்ஸில் போய் இறங்கினாள். தங்கை அடுக்களையில் நின்றுகொண்டு ஒன்றும் நடக்காதது போல, "வாக்கா, சாப்பிட்டியா?" என்றாள்.

"கண்ணாடி எங்க?"

துணிகளுக்கு அடியிலிருந்து வந்தது கண்ணாடி. கொடுத்த உறைகூடப் பிரிந்து நையவில்லை. அக்கா அதைத் தங்கையின் முகத்தில் மாட்டிப் பார்த்தாள். இடது காது அரை விரற்கடை மேலே, அதனால் கண்ணாடி சாய்ந்து நின்றது. பட்டைகள் விரிந்து மூக்கில் வழுக்கியது. காலர் தைக்கிறவள் துணியைக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பாள், அவள் வயதுப் பெட்டியில் இருந்த பவர் அதற்குக் கூடுதல். அடுப்பில் வெந்நீர் வைத்தாள். வளைத்தாள், நெருக்கினாள். தன் பையிலிருந்து வேறு பவர் எடுத்து அதே ஃபிரேமில் பொருத்தினாள். ஊசியையும் நூலையும் தங்கை கையில் கொடுத்தாள். முதல் தடவையிலேயே நூல் உள்ளே போனது. மொத்தம் கால் மணி நேரம்.

தங்கை அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அடிப் பாவி, ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"உன் திட்டமாச்சேக்கா. ஊரே உன்னப் பத்திப் பேசுது. கூடப் பொறந்தவளே நல்லா இல்லைன்னு சொன்னா உனக்கு அசிங்கம் இல்லையா? எல்லாருக்கும் நல்லா இருக்கு, எனக்குத்தான் கண்ணு போயிடுச்சுன்னு நெனச்சேன்."

அக்காவுக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை. தங்கையைக் கட்டிக்கொண்டு அழுவதா, அவளையே நாலு சாத்து சாத்துவதா என்றும் தெரியவில்லை. அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். மேற்பார்வையாளர் காதுக்கு மேல் ஒரு பென்சிலோடு வெளியே வந்தார்.

"இப்ப பாருங்க சார், நல்லாத் தைக்கிறா. ஒரு காலர் குடுத்துப் பாருங்க."

"தைப்பாங்கம்மா, நான் இல்லைங்கல. மூணு தடவ சரக்கு திரும்பி வந்துச்சு. அவங்க மெஷினுக்கு வேற ஆள் போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. உக்காந்திருக்கறவங்கள எழுப்பி விடச் சொல்றீங்களா?"

காலர் மெஷினில் இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி தேவைப்படாத கண்கள். அவளுக்கும் வீட்டில் யாரோ காத்திருப்பார்கள். வேண்டுமானால் நூல் வெட்டும் இடத்தில் போடுகிறேன் என்றார் மேற்பார்வையாளர். இருபது வருடம் காலர் தைத்தவள் தரையில் உட்கார்ந்து பிசிறு நூல் வெட்டுவதா? தங்கை தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க சார்" என்றாள்.

அக்கா ஊர் திரும்பவில்லை. அந்த ஊரிலேயே தங்கையின் வீட்டில் ஒன்பது நாள் தங்கி, முகாமில் கண்ணாடி வாங்கியவர்களைத் தேடிப் போனாள். நாற்பது பேர். இந்தத் தடவை வீட்டுக்காரர் சொன்னபடி செய்தாள். முதலில் தாள், பிறகுதான் வெந்நீர். ஒருவர் கண்ணாடியில் திருகே இல்லை, நூலால் கட்டியிருந்தார். ஒருத்தி அதைப் போட்டபடி மாடிப்படி இறங்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள். பதினெட்டுப் பேர் உறையை விட்டு எடுக்கவே இல்லை. நாற்பதில் முப்பத்து மூன்று பேருக்குக் குறை. ஒவ்வொன்றையும் அழுத்தி அழுத்தி எழுதினாள். தாள் கிழிந்துவிடும் போல இருந்தது.

அந்தத் தாள்களைக் கட்டாக இயக்குநர் மேசையில் போட்டபோது தண்ணீர் பாட்டில் ஆடியது. டாக்டரும் அங்கே இருந்தார்.

"இத்தனை லட்சம் பேருக்குக் குடுத்தோம்னு பஸ் ஸ்டாண்டு பூரா ஒட்டியிருக்கீங்களே, எத்தனை பேரு போடறாங்கன்னு ஒரு ஆளாவது போய்ப் பாத்தீங்களா? என் தங்கச்சி உங்க கணக்குல பயனாளி. போட்டோகூட இருக்கும், எடுத்துப் பாருங்க. அவ இப்ப தரையில உக்காந்து நூலு வெட்டறா!"

இயக்குநர் கோபப்படவில்லை. தாள்களை ஒவ்வொன்றாக, உண்மையாகவே, நாற்பதையும் படித்தார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவர் மூக்கில் கச்சிதமாக உட்காரும் கண்ணாடி. விலை உயர்ந்த கடையில் வளைத்துக் கொடுத்திருப்பார்கள்.

"நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம்மா. நான் நம்பறேன். ஆனா இந்த நாற்பது பேரும் நீங்களாப் போய்த் தேடினவங்க. இத வச்சு நான் மேல பேச முடியாது. முறையா நிரூபிக்கணும்."

"எப்படி?"

டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. "ஒரு சோதனைத் திட்டம் பண்ணலாம்!" என்றார். "எட்டாம் நாளுக்குன்னு தனியா. அறுநூறு பேர். சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு நீங்க எட்டாம் நாள் போறீங்க. பாதிப் பேருக்குப் போகல. ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டு பக்கமும் எத்தனை பேர் போட்டிருக்காங்கன்னு எண்ணுவோம். வித்தியாசம் தெரிஞ்சுதுன்னா யாரும் வாயைத் திறக்க முடியாது."

"அந்தப் பாதிப் பேரு?"

"அவங்களுக்கும் கண்ணாடி உண்டும்மா. இப்ப எல்லாருக்கும் குடுக்கற மாதிரி."

"கோணலா இருந்தா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இயக்குநர்தான் சொன்னார், தணிந்த குரலில். "தொடக் கூடாதும்மா. போன தடவ நீங்க சரி பண்ணிட்டு எழுதினதாலதான் எல்லாம் மறைஞ்சு போச்சு. இந்தத் தடவ உங்க கை அந்தப் பக்கம் பட்டுச்சுன்னா வித்தியாசமே தெரியாது. எட்டாம் நாள் தேவையே இல்லைன்னு முடிவாயிடும். அதுக்கப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் சொன்னதில் ஒரு ஓட்டைகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. அதுதான் அவளை எரித்தது. "சரி. என் தங்கச்சி இந்த அறுநூறுல இருந்திருந்தா, எந்தப் பக்கம் போட்டிருப்பீங்க?" என்று கேட்டாள்.

"சீட்டுல எது வருதோ அது" என்றார் இயக்குநர். அவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

மூன்று நாள் யோசித்தாள். முந்நூறு பேரை விட்டுவிட்டால் பத்து லட்சம் பேருக்கு ஆள் வரலாம். வராமலும் போகலாம். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டாள். போட்டபோது டாக்டர் கை தட்டினார். அந்தக் கையை ஒடித்துவிடலாம் போல இருந்தது அவளுக்கு.

சீட்டுக் குலுக்கலில் தெரு, பட்டறை என்ற கணக்கெல்லாம் கிடையாது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து செருப்புக்கு மேல்தோல் தைக்கும் இருவரில் ஒருத்தி எட்டாம் நாள் பட்டியலில் இருந்தாள், பக்கத்தில் இருந்தவள் இல்லை. எட்டாம் நாள் அக்கா போய் வெந்நீர் கேட்டு, வளைத்து, பார்த்து, தாளில் எழுதி முடித்தாள். பட்டியலில் இல்லாதவள் அவ்வளவையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐம்பது வயதிருக்கும். அவள் கண்ணாடி ஒரு பக்கம் புருவத்திலும் ஒரு பக்கம் கன்னத்திலும் கிடந்தது. மூக்கின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு.

"அக்கா, எனக்கும் கொஞ்சம் பாத்துடறீங்களா? ஒரு வாரமா இங்க குத்திக்கிட்டே இருக்கு. தையல் ரெண்டு ரெண்டாத் தெரியுது."

டம்ளரில் வெந்நீர் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. இரண்டு நிமிட வேலை. இடது காது மேலே, பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தங்கைக்கு இருந்த அதே கோணல். அவள் தன் இரண்டு கையையும் பையின் வாரில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நான் அதுக்கு வந்த ஆள் இல்ல."

"அவளுக்கு மட்டும் பண்ணீங்களே?"

அவள் எழுதி முடித்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"பரவால்லக்கா" என்றாள் அந்தப் பெண். கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் ஒரு முறை துடைத்து, உறைக்குள் போட்டாள். "எனக்குத்தான் ஒத்துக்கல போல."